டிரங்க் கால்

"எந்த ஊருங்க வேணும்?" என்கிறாள் அம்மா,
ஜன்னல் கம்பியில் துணிக் கிளிப்பை மாட்டியபடி.
இது கிருஷ்ணகிரி, பழையபேட்டை, நம்ம வீடு,
நான் நாகவேணி என்று
ஆறு மாதம் திருத்திப் பார்த்தேன்.
ஒவ்வொரு திருத்தத்துக்கும்
அவள் முகம் ஒரு விரற்கடை உள்ளே போனது.

ஒரு புதன்கிழமை,
குக்கர் மூன்றாவது விசிலுக்கு முக்கிக்கொண்டிருந்தபோது
அலுப்பில்தான் சொன்னேன்:
"ராயக்கோட்டை, நாப்பத்திரண்டு."

முதுகு நிமிர்ந்தது.
காதோர முடியை ஒதுக்கி
இல்லாத ஹெட்செட்டைச் சரிசெய்தாள்.
"ஆர்டினரியா, அர்ஜெண்ட்டா?"
"லைட்னிங்" என்றேன் மிதப்பாக.
"எட்டு மடங்கு காசுங்க. அப்படி என்ன தலைபோற அவசரம்?
ஆர்டினரியிலயே போடறேன், இருங்க."

இருந்தேன்.
குக்கர் அடிபிடித்தது.

அன்றிலிருந்து தினமும் புக் செய்கிறேன்.
ஊத்தங்கரைக்கு லைன் சுலபம்.
தேன்கனிக்கோட்டைக்கு மழை பெய்தால் கிடைக்காது;
அங்கே இப்போது மழையாம்.
பம்பாய்க்குச் சேலம் எஸ்தரைப் பிடிக்க வேண்டும்.
எஸ்தருக்கு வாய் நீளம், மனசு சுத்தம்.
ஐம்பது வயதில் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்
அம்மாவுக்கு எஸ்தர் என்று ஒருத்தி இருந்ததை.

முப்பத்தொரு வருடம்
ஊரின் வாய்க்கும் காதுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தவள்
வீட்டுக்கு ஒரு வார்த்தை கொண்டுவந்ததில்லை.
இப்போது பூட்டு கழன்றுவிட்டது.
பெங்களூருக்குக் கால் போட்டு
மூன்று நிமிடமும் பேசாமல் அழுத தாலுகா ஆபீஸ் கிளார்க்,
"காசு எழுதித்தானே ஆகணும்? கை வரலைங்க."
காவேரிப்பட்டணத்தில் ஒரு வீடு,
பர்கூரில் ஒரு வீடு என்றிருந்த மாங்காய் மண்டிக்காரர்,
இரண்டு வீட்டுக்கும் அம்மா
ஒரே சமயத்தில் லைன் கொடுத்துவிட்ட அந்தத் தீபாவளி!
சொல்லிச் சொல்லிச் சிரித்துப் புரையேறி
நான் அவள் தலையைத் தட்ட
அவள் என் தலையைத் தட்ட
யாருக்குப் புரையேறியது என்றே தெரியவில்லை.

ஓசூரிலிருந்து தம்பி கேட்கிறான்,
"நீயும் கூட சேர்ந்து நடிக்கிறியாக்கா?"
ஸ்பீக்கரில் போட்டேன்.
"சார், கத்தாதீங்க, லைன்லயே இருங்க" என்றாள்.
அவனைச் சார் என்றதில்
எனக்கொரு அற்ப சந்தோஷம்.

நேற்று கொஞ்சம் துணிந்தேன்.
"யாரோட பேசணும்?"
"எங்க அம்மாவோட."
"பேரு?"
"முனிரத்தினம்."

கிளிப் கம்பியிலேயே நின்றது.
பைபாஸில் ஒரு லாரி
முழுசாகக் கடந்துபோகும் நேரம்.
"அவங்க டூட்டியில இருக்காங்க."
பிறகு, சூப்பர்வைசர் காதில் விழாதபடி,
"நான் இதைச் சொல்லக் கூடாது.
அவங்க பொண்ணுக்குக் காய்ச்சல்.
லீவு தரலை, தனியா வெச்சுப் பூட்டிட்டு வந்திருக்காங்க.
பழையபேட்டைப் பக்கம் போனீங்கன்னா
ஜன்னல் வழியா ஒரு எட்டு பாத்துட்டு வருவீங்களா?"

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.
சையத் பாஷா மலையில் வெயில் பாதி இறங்கியிருந்தது.
காய்ச்சல் எனக்கு நினைவில் இல்லை.
பூட்டு நினைவிருக்கிறது.
வெளியிலிருந்து அது விழுந்த சத்தத்தை
நாற்பத்துச் சொச்சம் வருடம்
ஒரு கடன்பத்திரம் போல மடித்து வைத்திருந்தேன்.

வீட்டைச் சுற்றி வந்து
கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன்:
"பாத்துட்டேங்க. கஞ்சி குடிச்சிட்டா.
காய்ச்சல் விட்டுருச்சு.
தூங்கறா."

அவ்வளவு நீளமான மூச்சை
அம்மா விட்டு நான் பார்த்ததில்லை.
கிளிப்பை மெல்லக் கழற்றினாள்.
"இந்தக் காலுக்குச் சீட்டு போடலைங்க" என்றாள்.

பிறகு என் முதுகுக்குப் பின்னால்
யாருமில்லாத வரிசையைப் பார்த்து
"அடுத்து யாரு?"

நான்தான், மறுபடியும்.